ரெயிலரைக் குளிருக்கு மூடிய நாள்

தம்பி,

நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் போய், அந்த இடத்திலேயே பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு இப்போது மறுபடியும் வந்து இருக்கிறேன். ஆயுத பூசையன்று நீ வான்கூவரில் இருந்து எடுத்தபோது, "வையடா போனை" என்று நான் உன்னைக் கத்தினேன். சின்ன வயதில்கூட உன்னை நான் அப்படிக் கத்தியதில்லை. அதற்குப் பிறகு நீ அம்மாவோடு மட்டும்தான் கதைக்கிறாய். நான் போனை எடுத்தால் "அம்மாட்டைக் குடுங்கோ" என்பதோடு சரி. கோபிக்க உனக்கு நியாயம் இருக்கிறது. பிறகு நான் உனக்கு எடுத்து, அம்மாவுக்கு விரதக் களைப்பு, கொஞ்சம் மயங்கிவிட்டார், இப்போது சுகம் என்று சொன்னேனே, அது பொய். அம்மா அன்றைக்கு எங்கள் ரெயிலருக்குள் செத்துப்போகப் பார்த்தார். எழுதிவிட்டு இந்த வரியை அடித்துவிடப் போனேன். ஆனால் நடந்தது அதுதான், நீ முழுதாக அறியவேண்டும்.

காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற அந்தச் சின்ன வீட்டை, அந்த ரெயிலரை, வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஓய்வு பெற்றுப் போன ஒருவர் விற்றார். ஸ்காபரோவில் இருக்கிற வீட்டுக்கே இன்னும் கடன் கட்டி முடியவில்லை, அதற்குள் சில்லுப் பூட்டின வீடு வேறையா என்று நான் புறுபுறுத்தேன். பிறகு பார்த்தால் உன்னைவிட எனக்குத்தான் அதில் பைத்தியம். கோடையில் வெள்ளைக்காரர் எல்லாம் ஏரிக்கரையில் சொசேஜ் வாட்டிக்கொண்டிருக்க, அம்மா ரெயிலருக்குள் இடியப்பம் அவித்து, மீன்குழம்பு வைத்து, செத்தல் மிளகாய் தாளிப்பார். அந்தத் தாளிதத்துக்கு, மேலே பூட்டியிருந்த புகை மணி ஊரைக் கூட்டும். பக்கத்துக் கூடாரத்துக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்ததும், அவரை இருத்தி அம்மா சாப்பாடு போட்டு அனுப்பியதும் உனக்கு நினைவிருக்கும். அன்றே நான் அந்த மணியின் பற்றறியைக் கழற்றி என் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். நீயும் சிரித்தாய். அது பிறகு திரும்பப் போடப்படவே இல்லை. நீயும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்குமுன் அதை மூடி, விட்பி ஊருக்கு அப்பால், குளிர்காலத்துக்கு வாடகைக்கு இடம் தருகிற அந்தப் பண்ணையில் கொண்டுபோய் விடுவது உன் வேலையாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வடிய விடுவாய், பைப்புகளுக்குள் உறையாமல் இருக்க அந்த ரோசா நிறத் தண்ணீரைப் பம்பால் அடிப்பாய், மெத்தைகளை நிமிர்த்தி வைப்பாய், ஐஸ்பெட்டிக் கதவு மூடாமல் ஒரு துணியைச் செருகுவாய், எலி வராமல் ஓட்டைகளுக்குள் கம்பிப்பஞ்சு அடைவாய். நான் பக்கத்தில் நின்று அதைத் தா, இதைத் தா என்று நீ கேட்பதை எடுத்துத் தருவேன். எல்லாம் முடிந்த பிறகு கூரையில் இருக்கிற சின்ன யன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து விடுவாய். அதில்தான் உனக்கும் எனக்கும் வருடா வருடம் சண்டை. "அப்பா, உள்ளை ஈரம் நிண்டால் பூஞ்சணம் பிடிச்சிடும். காத்துப் போகவேணும்" என்பாய். அடைக்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம், கடைசியில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் போகிறானே என்று எனக்கு மனம் பொறுக்காது. இந்த வருடம் நீ கலியாணம் கட்டி வான்கூவருக்குப் போய்விட்டாய். ரெயிலர் எனக்கு மிஞ்சியது. போனில் நீ சொன்னதை எல்லாம் ஓம், ஓம் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு என் எண்ணப்படி செய்தேன்.

என்னை இப்படி ஆக்கியது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி என்று சொன்னால் நீ சாட்டு என்பாய். சாட்டுத்தான், இருந்தாலும் கேள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதல் குளிர்காலத்தை அங்கே மேல்மாடியில் கழித்தோம். யன்னல் இடுக்கால் காற்று ஊதும், நீ இருமி இருமி நித்திரை இல்லாமல் இருப்பாய். அம்மாவும் நானும் கடையில் கிடைத்த ஒட்டுகிற ரேப் எல்லாவற்றையும் வாங்கி, யன்னல், கதவிடுக்கு, சுவரில் தெரிந்த வெடிப்பு ஒன்றுவிடாமல் ஒட்டி, அதற்கு மேல் பிளாஸ்ரிக்கும் அடித்தோம். சுவரெல்லாம் வேர்த்து வடிந்தது, மூலையில் கறுப்புப் பிடித்தது. கட்டடத்தைப் பார்க்கிற மனிதர் வந்து கையைக் காலை ஆட்டி ஏசினார். அவர் ஏசியதை நீதான் தமிழில் சொன்னாய், பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உன் இருமல் நின்றது. அன்றிலிருந்து ஒரு இடுக்கைக் கண்டால் என் கை சும்மா இராது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்றால் இடுக்கை அடைப்பது என்று என் மண்டைக்குள் பதிந்துபோயிற்று.

ஆயுத பூசையன்று எனக்கு லீவு. வீட்டு வாசலில் நின்ற ரெயிலரை அடுத்த நாள் பண்ணைக்குக் கொண்டுபோவதாக இருந்தேன். காலையிலிருந்து நீ சொன்ன வேலைகளைச் செய்தேன். தொட்டி வடிந்தது, பைப்பெல்லாம் ரோசாத் தண்ணீர். பிறகு ரேப்பை எடுத்தேன். கூரை யன்னலை இறுக்கி மூடி, சுற்றிவர இரண்டு வரிசை ஒட்டினேன். அடுப்புக்கு மேலே இருந்த காற்றுவழி, பக்கத்து யன்னல்கள், ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டை, ஒன்றும் விடவில்லை. ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்க்க எனக்கு அப்படி ஒரு திருப்தி. நீ வந்து பார்த்தால் வாயடைத்துப் போவாய் என்றுகூட நினைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அம்மா வந்தார். நவராத்திரி விரதம், கடைசி நாள், வெறும் பாலும் பழமும். காருக்கும் ரெயிலருக்கும் பூசை வைக்காமல் அனுப்பக்கூடாது என்று சந்தனம், பூ, கற்பூரம் எல்லாம் தட்டத்தில் கொண்டுவந்தார். கூடவே சாம்பிராணிச் சட்டி. சிரட்டைக் கரிக்கு எங்கே போவது, பாபிகியூவுக்கு வாங்கிய கரியைத்தான் வெளியே வைத்து மூட்டித் தணலாக்கியிருந்தார்.

சாம்பிராணிப் புகை போட்டால் ஈரவாடை போகும், எலியும் அண்டாது என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை தரம் புகை காட்டியிருக்கிறோம். அந்த வீடுகளுக்கெல்லாம் ஓட்டுக்கூரையும் திறந்த யன்னலும் இருந்தன என்பது ஏன் என் மூளைக்கு எட்டவில்லை? வெளியே காற்று கற்பூரத்தை அணைத்துக்கொண்டே இருந்தபடியால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று தீபம் காட்டினோம். அம்மா தேவாரம் பாடினார். முடிய, தணல் சட்டியைக் கோப்பை கழுவுகிற சின்னத் தொட்டிக்குள் வைத்தார். பூசைக்கு வைத்த நெருப்புக்கு மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, தானாக ஆறட்டும் என்றார். ஊற்ற நினைத்திருந்தாலும் பைப்பில் தண்ணீர் இல்லை, நான்தான் காலையில் வடித்துவிட்டேனே. எனக்கு நெற்றிப்பொட்டு விண் விண் என்று இடித்தது. ரேப் ஒட்டக் கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்த நோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா தலையைச் சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தார். ஒன்பது நாளாகச் சாப்பிடாத உடம்பு, வேறு என்னவாக இருக்கும்? நிமிர்த்தி வைத்த மெத்தை ஒன்றை இறக்கிப் போட்டு, "நீர் கொஞ்சம் படும். நான் போய்ப் பால்தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்றேன். போர்வையால் கழுத்து வரைக்கும் போர்த்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ, புழுக்கமாக் கிடக்கு" என்றார். "விசரே உமக்கு? விரத உடம்பு. உந்தக் குளிர்காத்துத் தாங்காது" என்று சொல்லிவிட்டு இறங்கி, கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு இலேசில் பூட்டுப்படாது, உனக்குத் தெரியும். தோளால் அழுத்திப் பூட்டினேன். பூட்டுப்பட்டதா என்று இழுத்தும் பார்த்தேன்.

குசினிக்குள் வந்து பாலை அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் தலையிடி குறைந்துவிட்டது, அதையும் நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பால் பொங்குகிற நேரம் போன் அடித்தது. நீ. பூசையா, என்ன படைத்தீர்கள், மருமகள் அங்கே மோதகம் அவித்து அது உடைந்துபோயிற்று என்றெல்லாம் கதைத்தாய். பிறகு, "அம்மாட்டைக் குடுங்கோ" என்றாய். அம்மா ரெயிலருக்குள் படுத்திருக்கிறார், எழும்பட்டும், பிறகு எடு என்றேன். "இல்லை அப்பா. மோதக மாவு எப்பிடிக் குழைக்கிறது எண்டு இப்ப கேக்கவேணும். இவ அழுதுகொண்டு நிக்கிறா. ஒருக்காக் கூப்பிடுங்கோ" என்றாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. படுத்த மனிசியை மோதகத்துக்காக எழுப்புவதா என்று நினைத்தேன். உன் கதையை வெட்டிவிட்டுப் போனை வைக்கத்தான் இருந்தேன் தம்பி. ஏன் வைக்கவில்லை என்று எத்தனை தரம் யோசித்தும் எனக்கு விடை வரவில்லை. புதுமாப்பிள்ளை, மனிசிக்காகக் கேட்கிறான், போகட்டும் என்று நினைத்திருப்பேன். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

கதவைத் திறந்து, "இஞ்சாரும், பிள்ளை போனிலை" என்றேன். அம்மா அசையவில்லை. நல்ல நித்திரை என்று நினைத்துத் தோளில் தட்டினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, வாயோரத்தால் சத்தி வழிந்து மெத்தை நனைந்திருந்தது. கண் அரைவாசி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கக்கத்தில் கையைக் கொடுத்து, சீலை கதவுக் கொளுக்கியில் மாட்டிக் கிழிய, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு படியால் விழுந்தேன். அம்மா எனக்கு மேலே விழுந்தார். சீமெந்துத் தரையில் அவரைக் கிடத்திவிட்டு உள்ளே ஓடினால் போனில் நீ இருக்கிறாய். நீ வைக்காமல் எனக்கு அம்புலன்ஸ் எடுக்க முடியாது. நீ "அப்பா, என்ன சத்தம்?" என்று ஏதோ கேட்டாய். அதற்குத்தான் அப்படிக் கத்தினேன். நீ மறுபடி மறுபடி எடுத்திருப்பாய். வீட்டில் எடுக்க ஆள் இல்லை.

அம்புலன்ஸ்காரரோடு தீயணைப்புக்காரரும் வந்தார்கள். ஒரு இளம் பெடியன் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு ரெயிலர் வாசலில் கால் வைக்க, அது கீச்சிட்டது. அவன் உடனே பின்னால் வந்து முகமூடியைப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போய், சாம்பிராணிச் சட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தான். தணல் இன்னும் கிடந்தது. பிறகு நான் ஒட்டிய ரேப்பை ஒவ்வொன்றாக உரித்தான். அவன் என்னை ஒரு சொல் ஏசவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் மனிதர் மாதிரிக் கையைக் காலை ஆட்டி ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அம்புலன்சுக்குள் அம்மாவின் முகத்தில் மாஸ்க், பக்கத்தில் எனக்கும் ஒன்று. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் பிடித்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கினார். கரித்தணல் மூடின இடத்தில் எரிந்தால் ஒரு நச்சுக் காற்று வரும், மணம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது, நித்திரை மாதிரி ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். கதவு எப்படி மூடியது என்று கேட்டார். என் வாய் தானாகச் சொல்லிற்று, காற்று அடித்துச் சாத்திவிட்டது என்று. தம்பி, நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அதைத் திருத்த எனக்குத் துணிவு வரவில்லை. எல்லாருக்கும் காற்று என்றே சொன்னேன்.

அம்மா கண் விழித்தார், கதைத்தார், வீட்டுக்கும் வந்தார். ஆனால் டொக்டர் ஒரு குண்டைப் போட்டு அனுப்பியிருந்தார். சிலருக்கு எல்லாம் சரி வந்த மாதிரி இருந்து, சில கிழமை கழித்து நினைவு தடுமாறலாம், குணம் மாறலாம், கவனித்துக்கொள், அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வா என்றார். அந்த மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று யாரிடம் சொல்வது? காலையில் எழும்பினால் முதல் வேலை அம்மாவைச் சோதிப்பது. உன் கலியாணத்துக்கு அம்மா கட்டிய சீலை என்ன நிறம், நாங்கள் முதல் வாங்கிய கார் என்ன, மருமகளின் தாயின் பெயர் என்ன. சும்மா கதை கேட்பது போலக் கேட்பேன். ஒருநாள் சோறு அடிப்பிடித்துவிட்டது, தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். இன்னொரு நாள் தலைக்கு மேலே கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். அம்புலன்சுக்கு அடிக்கப் போனேன். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.

இதற்குள் இன்னொன்றும் இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்ட நான் அந்தக் கதவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அம்மாவின் நினைவு ஒன்றும் குறையாமல் இருக்கவேண்டும், ஆனால் திறந்து விடச் சொன்ன அந்த ஒரு நிமிடம் மட்டும் அழிந்துபோயிருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். கோயிலில் நின்று, கண்ணை மூடி, இப்படி ஒரு வரத்தைக் கேட்டவன் உன் அப்பன்.

போன கிழமை டொக்டரிடம் போனோம். அம்மாவை நடக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார், படம் காட்டிப் பெயர் கேட்டார். எல்லாம் சரி. கடைசியில், அன்றைக்கு நடந்ததில் உமக்கு என்ன நினைவிருக்கிறது, கதவு எப்படி மூடியது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "விண்ட், டொக்டர். பிக் விண்ட்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிள்ளையார் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். கார் நிற்பாட்டின இடத்துக்கு வந்து, ஏறி இருந்து, காரை எடுக்கத் திறப்பைப் போட்டபோது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் திறந்து விடச் சொன்னனான். நீங்கள் குளிர் எண்டு சாத்தினியள். எல்லாம் நினைவு கிடக்கு. இனி என்னட்டை ஒண்டும் கேளாதேங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு நீங்கள் கேக்கக் கேக்க."

"அப்ப ஏன் காத்து எண்டு சொன்னனீர்?"

"வேறை என்னத்தைச் சொல்ல? என்ரை மனிசனை நான் அந்தாளுக்கு முன்னாலை காட்டிக் குடுக்கிறதே?" என்றார். பிறகு, "ஆனால் பிள்ளைக்குக் காத்து எண்டு சொல்லேலாது. அவன் கூப்பிட்டபடியால்தான் நான் இருக்கிறன். அவனை ஏசிப்போட்டு இருக்கிறியள். நீங்களே எழுதுங்கோ" என்றார். நான் ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். அம்மா தடுக்கவில்லை.

தம்பி, நீ இப்போதுதான் குடும்பமாகியிருக்கிறாய். பிள்ளை குட்டி வரும், உனக்கும் இப்படி ஒரு கை வளரும், யாருக்கு எது நல்லது என்று தனக்குத்தான் தெரியும் என்று நினைக்கிற கை. மருமகள் புழுங்குகிறது என்றால் உன் உடம்புக்குக் குளிர்கிறதா என்று பார்க்காதே. எழும்பிப் போய்த் திற. பிறகு குளிர்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நடுங்குங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உங்கள் வீட்டுப் புகை மணி தாளிதத்துக்குக் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும், பற்றறியில் கை வைக்காதே. ரெயிலர் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. யன்னலெல்லாம் திறந்தபடி பனி உள்ளே விழுகிறது. நான் கிட்டப் போகவில்லை. டிசெம்பரில் நத்தார் விடுமுறைக்கு நீ வந்தால் உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

இவ்வளவையும் எழுதி அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மேசையில் இருந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். கோயிலில் கேட்ட வரத்தையும் வாசித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். பிறகு தாள்களைத் திருப்பி, நான் கதவைச் சாத்திய இடத்துக்குப் போய், அதில் விரலை வைத்தார்.

"இதை வடிவா எழுதுங்கோ. நான் ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் சொன்னனான். நீங்கள் சாத்தின பிறகும் உள்ளை இருந்து கூப்பிட்டனான்."

எனக்கு ஒரு தரம்தான் நினைவிருக்கிறது.

அப்பா